புகார் அக்காவின் பன்னிரண்டு ஏக்கர்

புகார் அக்காவுக்குப் பன்னிரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறதாம்.

குடிநீர் அலுவலகத்தில் இந்தச் செய்தியை எந்த மாடியில் கேட்டீர்கள் என்பதைப் பொறுத்து நிலத்தின் அளவு மாறியது. தரைத்தளத்தில், பில் கட்ட வருபவர்களின் வரிசைக்குப் பக்கத்தில் கேட்டால், அது வீட்டுக்குப் பின்னால் ஒரு காய்கறித் தோட்டம். முதல் மாடிக்கு ஏறினால் மூன்று ஏக்கர், இரண்டு மாடு. இரண்டாம் மாடியில் கிணறு வெட்டிவிட்டார்கள். மூன்றாம் மாடியில் பெரிய அதிகாரிகள் உட்கார்ந்திருப்பதால் அங்கே எதுவும் சின்னதாக இருக்க முடியாது: பன்னிரண்டு ஏக்கர், ஒரு பண்ணை வீடு, மெயின் குழாயிலிருந்து யாருக்கும் தெரியாமல் இழுத்த ஒரு லைன். லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் வதந்தி மட்டும் மூச்சு வாங்காமல் படியேறி, ஏற ஏறச் சதை போட்டுக்கொண்டிருந்தது.

சரி, விசாரித்துப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால், எல்லாப் படிகளும் இறங்கி வந்து ஒரே ஆளிடம் முடிந்தன. புகார் அறையில் நான்காம் தொலைபேசியில் உட்காருபவர். ஒரு வரியைக் கேட்டால் நான்கு வரியாக நீட்டிச் சொல்வதால் அவருக்கு எக்ஸ்டென்ஷன் அண்ணன் என்று பெயர். அவர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: நான் எதையும் கட்டிவிடவில்லை, சாப்பாட்டு அறையில் அக்கா தன் மகளோடு போனில் பேசியதை என் இரண்டு காதாலும் கேட்டேன். அக்கா பேசியது இவ்வளவுதான்.

“பூசணி பழுத்துருச்சுடி. வடக்கு மூலையில வேலி போட்டாச்சு. பால்க் இப்பல்லாம் பெரிய பாட்டில் பால் தர்றா. சரி வைக்கிறேன், சாயங்காலம் போய்த் தண்ணி ஊத்தணும்.”

எக்ஸ்டென்ஷன் அண்ணன் ஒரு வார்த்தையைக்கூடத் தப்பாகக் கேட்கவில்லை. அக்காவும் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. பூசணி பழுத்தது உண்மை. வேலி உண்மை. பால்க் என்ற வெள்ளை மாடு உண்மை. நிலமும் உண்மைதான். மூலைக்கு மூலை அளந்தால் இருபத்துநான்கு அங்குலம். அக்காவின் வீட்டு ஹாலில், துணி அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே, டிவி மேஜையின் மேல் இருந்தது.

அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. அதில் பத்தொன்பது வருஷம் இரண்டாம் தொலைபேசிக்குப் போனது. காலை எட்டு மணிக்கு ஹெட்போனைத் தலையில் மாட்டினால் ஐந்துக்குக் கழற்றுவார். நடுவில் இந்த ஊரில் ‘தண்ணி வரலை’ என்பதை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதத்தையும் கேட்டுவிடுவார். அழுதுகொண்டு சொல்வார்கள், அதட்டிச் சொல்வார்கள், நான் யார் தெரியுமா என்று ஆரம்பித்துத் தண்ணீரை மறந்தே போவார்கள். அக்கா எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார். அதில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. பேசுபவர் சொன்ன வார்த்தையையே எழுதுவார். ‘மூணு நாளாச்சு’ என்றால் ‘மூணு நாளாச்சு’தான், ‘சில நாட்களாக’ என்று எழுத மாட்டார். ‘குழாய் இருமுது’ என்று ஒரு அம்மா சொன்னால், புகார்ப் புத்தகத்தில் குழாய் இருமும். மேலிடத்திலிருந்து இரண்டு முறை இதற்கு விளக்கம் கேட்டார்கள். “அவங்க குழாய், அவங்க வாய். நான் யாரு சார் மாத்த?” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

எழுதுவதோடு அக்காவின் அதிகாரம் முடிந்தது. எழுதிய தாள் மேற்பார்வையாளரின் மேஜைக்குப் போகும். அவர் கடைசிக் கட்டத்தில் ‘அனுப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் ரிப்பேர் வண்டி கிளம்பும். போடாவிட்டால் தாள் அங்கேயே படுத்துக்கொள்ளும். மேட்டுத் தெருவில் சின்னதாக ஒரு லாண்டரி நடத்தும் பெண் இரண்டு வருஷமாகப் புதன்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். கத்த மாட்டாள். “அக்கா, நல்லா இருக்கீங்களா? தண்ணி மேட்டுக்கு ஏறலை. எழுதிக்குங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அவள் திட்டியிருந்தால் அக்கா நிம்மதியாக இருந்திருப்பார். திட்டாததால் புதன்கிழமைகளில் சோறு இறங்குவதில்லை. மேற்பார்வையாளர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு அடுத்த ஆள் அக்கா. அதற்கு அடுத்த ஆள் எக்ஸ்டென்ஷன் அண்ணன். அக்காவுக்கு நாற்காலியின் மேல் ஆசை இல்லை, அதற்கு ஒரு கால் ஆடும். அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் ஆசை. அனுப்பு.

இந்த மனுஷிக்கு ஹாலில் எப்படி நிலம் வந்தது?

பதினோரு வருஷத்துக்கு முன்னால் மகளுக்குப் பரீட்சை. மகள் ஒரு விவசாய கேம் ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு சின்னப் பண்ணை, ஒரு மண்வெட்டி, நீலத் தண்ணீர்க் கேன், மாட்டுக்கொட்டகை. பரீட்சை முடிகிறவரை தொடக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். மகள் அம்மாவிடம் வந்து கெஞ்சினாள்: “நான் ஆடலைம்மா. நீ தண்ணி மட்டும் ஊத்திடு, இல்லன்னா எல்லாம் வாடிடும்.” ஆபீஸிலும் தண்ணி வீட்டிலும் தண்ணியா என்று அக்கா முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே கன்ட்ரோலரைத் தலைகீழாகப் பிடித்தார். முதல் நாள் தக்காளிக்கு ஊற்றுவதற்குப் பதிலாகத் தக்காளியை மண்வெட்டியால் வெட்டினார்.

மூன்றாம் நாள் ஏதோ நடந்தது. நீலக் கேனைச் சாய்த்தார். வெளிர் மண்ணாக இருந்த ஒரு கட்டம் கரு மண்ணாக மாறியது. அடுத்த கட்டமும் மாறியது. மொத்தம் எழுபத்திரண்டு கட்டம். எல்லாவற்றுக்கும் ஊற்றி முடித்து உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. ஒரு கட்டம்கூட ‘எனக்கு மட்டும் வரலை’ என்று சொல்லவில்லை. மேட்டுக் கட்டத்துக்கும் பள்ளக் கட்டத்துக்கும் ஒரே அளவு. யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம். ஊற்றினால் ஊற்றியதுதான். அன்றைக்கு அக்கா தோளைத் தளர்த்தி உட்கார்ந்ததை, தட்டில் கை கழுவ மறந்து பார்த்துக்கொண்டிருந்ததாக அவர் கணவர் சொல்கிறார்.

மகள் பரீட்சையில் தேறினாள், வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள், கேமை மறந்தாள். கேமும் அதை ஓட்டும் பெட்டியும் அம்மாவுக்கு வந்தன. இரண்டாம் வருஷமே அக்கா அதை முழுதாக முடித்துவிட்டார். கிராமத் தலைவர் வந்து கேடயம் கொடுத்தார், வாணவேடிக்கை விட்டார்கள், கேம் செய்தவர்களின் பெயரெல்லாம் வரிசையாக மேலே ஏறிப் போயின. ‘முற்றும்’ என்று எழுதி வந்தது. அக்கா சரி என்று பொத்தானை அழுத்திவிட்டு, போய்த் தண்ணீர் ஊற்றினார்.

அதிலிருந்து மாலை ஆறேகாலிலிருந்து ஏழேகால் வரை அந்த வீட்டில் யாரும் அக்காவைக் கூப்பிடக்கூடாது. பால் பொங்கினாலும் கணவர்தான் ஓட வேண்டும். கணவர் வாஷிங் மெஷின் மெக்கானிக். ஊரார் பையில் மறந்த நாணயமும் ஹேர்பின்னும் அவர் சட்டைப் பையில் குலுங்கும். ஒருநாள் அவர் கேட்டுவிட்டார்: “முடிச்ச கேமை எதுக்கு மறுபடி மறுபடி ஆடுறே?”

“பெருக்கின வீட்டைத்தானே தினம் பெருக்குறோம்? அப்ப மட்டும் கேக்க மாட்டேங்குறீங்க.”

கணவருக்கும் அப்படி ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பழைய கார்ப் பந்தயம் ஆடுவார். நான்காவது வளைவில் கடல் தெரியும். அங்கே காரை ஓரம் கட்டிவிட்டு டீ குடிப்பார். எப்போதும் கடைசியாக வருவார். முதலாவதாக வந்தால் கேம் முடிந்துபோய்விடுகிறதே என்பது அவர் கவலை.

மாட்டின் பெயருக்கும் கதை உண்டு. மகள் அதற்குப் பால்காரி என்று பெயர் வைக்கப் பார்த்தாள். கேமின் பெயர்ப் பெட்டி நான்கு ஆங்கில எழுத்துக்கு மேல் வாங்கவில்லை. பால்க் என்று நின்றுவிட்டது. பால்க்கைத் தினமும் பிரஷ்ஷால் தேய்த்துவிட வேண்டும். தேய்க்கத் தேய்க்க அதன் தலைக்கு மேல் ஒவ்வொன்றாகச் சிவப்பு இதயம் சேரும். பத்து சேர்ந்தால் அது ஆளைக் கண்டதும் தானாக ஓடி வரும். பத்தாவது இதயம் வருவதற்கு அக்காவுக்குப் பல மாதம் பிடித்தது. மகள் போனில் முதலில் விசாரிப்பது அம்மாவை இல்லை, பால்க்கை.

இந்த நிலம்தான் மூன்றாம் மாடிக்குப் போய்ப் பன்னிரண்டு ஏக்கர் ஆனது. போன கையோடு ஒரு மொட்டைக் கடுதாசியும் வந்து சேர்ந்தது. எழுதியவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஒன்றரைப் பக்கக் கடிதத்தில் ‘மேலும்’ என்ற வார்த்தை பதினோரு முறை வந்தது என்பது மட்டும் தெரியும்.

திங்கட்கிழமை நிர்வாக அதிகாரி அக்காவைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். யாருக்கும் தொந்தரவு வரக்கூடாது, முதலில் தனக்கு வரக்கூடாது என்று நினைப்பவர். அக்கா விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். உடனே தட்டச்சரைக் கூப்பிட்டு மூன்று வரியில் ஒரு வாக்குமூலம் அடிக்கச் சொன்னார். கையெழுத்துப் போட்டுவிடுங்கள், கோப்பை மூடிவிடலாம், வெள்ளிக்கிழமை பதவி உயர்வுப் பட்டியலில் உங்கள் பெயர் வந்துவிடும் என்றார். தாள் சூடாக வந்தது. அதில் இருந்தது இது: ‘எனக்கு விவசாய நிலம் ஏதும் இல்லை. சாப்பாட்டு அறையில் நான் சொன்னவை விளையாட்டாகச் சொன்னவை. இனி அவ்வாறு பேச மாட்டேன்.’

அக்கா படித்தார். முதல் வரி சரி. மூன்றாவது வரியும் பரவாயில்லை, சாப்பிடும்போது வாயை மூடிக்கொள்வதில் நஷ்டம் இல்லை. இரண்டாவது வரியில் பேனா நின்றுவிட்டது.

“சார், இது தப்பா இருக்கு.”

“எது?”

“நான் விளையாட்டா சொல்லலை சார். விளையாட்டைப் பத்திச் சொன்னேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா.”

“விளையாட்டா சொன்னேன்னா நான் சும்மா அளந்து விட்டேன்னு ஆகுது. நான் அளக்கலை. பூசணி நிஜமாவே பழுத்துச்சு.”

அதிகாரி தட்டச்சரைப் பார்த்தார். தட்டச்சர் கூரையைப் பார்த்தார். அதிகாரி தன் சங்கடத்தை விளக்கினார். ‘விளையாட்டைப் பற்றி’ என்று எழுதினால் மேலிடம் சும்மா விடாது. என்ன விளையாட்டு, யாரோடு, அலுவலக நேரத்திலா என்று கேட்கும். அதற்குத் தனியாக ஒரு கோப்பு திறக்க வேண்டும். ‘விளையாட்டாக’ என்றால் எல்லோருக்கும் புரியும், ஒருவரும் எதையும் கேட்க மாட்டார்கள். இரண்டு எழுத்து விவகாரம், அதற்காகப் பதவியை விடுவீர்களா என்றார். அக்கா தாளை மேஜையில் வைத்து, காற்றில் பறக்காதபடி அதன் மேல் பேனாவையும் வைத்தார். மூடிய பேனா.

இன்னும் ஒரு வழி இருப்பதாக அதிகாரி மனமில்லாமல் சொன்னார். கையெழுத்து இல்லையென்றால் விதிப்படி தலைமையிடத்துச் சொத்து ஆய்வாளர் நேரில் வந்து நிலத்தைப் பார்த்து அறிக்கை தர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை வராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயர்.

“வரச் சொல்லுங்க சார்,” என்றார் அக்கா. “நிலம் எங்கயும் போயிடாது.”

மூன்று நாள் அலுவலகமே அக்காவை அசைத்துப் பார்த்தது. தட்டச்சர் வந்து, இனி வேறு தாள் அடிக்க முடியாது, அச்சு எந்திரத்தில் மை தீர்ந்துவிட்டது என்றார். ஓய்வு பெறப்போகும் மேற்பார்வையாளர் வந்து தன் வாழ்நாளில் தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டவற்றைப் பெருமையாகச் சொல்லிக் காட்டினார். எக்ஸ்டென்ஷன் அண்ணன் வந்து, அக்கா கொஞ்சம் வளைந்து கொடுங்கள், இல்லை கொடுக்காவிட்டாலும் உங்கள் இஷ்டம் என்று இரண்டு பக்கமும் பேசிவிட்டுப் போனார். சொத்துப் படிவத்தில் அசையும் சொத்து, அசையாச் சொத்து என்று இரண்டு கட்டம் உண்டு. அந்த வாரம் அந்த அலுவலகத்தின் ஒரே அசையாச் சொத்து இரண்டாம் தொலைபேசியில் உட்கார்ந்திருந்தது.

புதன்கிழமை லாண்டரிக்காரி கூப்பிட்டாள். நல்லா இருக்கீங்களா என்றாள், தண்ணி ஏறலை என்றாள், வைத்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் அக்கா தண்ணீர் ஊற்றும்போது இரண்டு கட்டத்தை விட்டுவிட்டார். பதினோரு வருஷத்தில் முதல் முறை. கணவர் அதைக் கவனித்தார்.

“ஒரு கையெழுத்துதானேம்மா,” என்றார் மெதுவாக. “போட்டுட்டா அந்த லாண்டரிப் பொண்ணுக்கு வண்டி அனுப்பலாமே.”

அக்கா கேனைக் கீழே வைக்கவில்லை.

“ஊர் சொன்னதை எல்லாம் பத்தொம்பது வருஷமா ஒரு எழுத்து மாத்தாம எழுதியிருக்கேன். நான் சொன்னதை மட்டும் மாத்தி எழுதிட்டு அந்த நாற்காலியில போய் உக்காந்தா, நாளைக்கு அடுத்தவங்க சொல்றதையும் மாத்திடுவேங்க. எனக்கு என்னைத் தெரியும்.”

கணவர் எழுந்து போய்ப் பால் வைத்திருந்த அடுப்பை அணைத்தார். பால் இன்னும் பொங்கக்கூட இல்லை.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு ஆய்வாளர் வந்தார். சேற்றில் இறங்க முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தோளில் பை, பையில் ஐம்பது மீட்டர் டேப், முத்திரை, மைப்பெட்டி. இவரைப் பற்றியும் அலுவலகத்தில் விசாரித்தாயிற்று. முப்பத்தொரு வருஷ சர்வீஸில் இவர் மேஜையில் ஒரு கோப்பும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தங்கியதில்லை. காரணம் எளிது: எதையும் படிப்பதில்லை. தாள் நீட்டினால் கையெழுத்து. யார் என்ன கேட்டாலும் ‘ஆம்’. அதனால் அவரை ஆம் சார் என்பார்கள். கூப்பிட்டால் அதற்கும் ஆம் என்பார்.

வாசலில் நின்று பூட்ஸைப் பார்த்தார், தரையில் பளபளத்த டைல்ஸைப் பார்த்தார்.

“நிலம் எங்கம்மா?”

“உக்காருங்க சார். கேம் பழசு, வர்றதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகும்.”

டிவியில் வெளிச்சம் வந்தது. சேவல் கூவியது. எழுபத்திரண்டு கட்டமும், வேலியும், பூசணிகளும் வந்து நின்றன. ஆம் சார் பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். சிரிக்கவில்லை, கடமை என்று வந்துவிட்டால் அவர் சிரிப்பதில்லை. ஐம்பது மீட்டர் டேப்பில் அரை மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக இழுத்து டிவியை மூலைக்கு மூலை அளந்தார். இருபத்துநான்கு அங்குலம் என்று குறித்தார். அடுத்து படிவத்தில் அந்தக் கேள்வி வந்தது. இது அசையாச் சொத்தா, அசையும் சொத்தா? அந்த நேரம் பார்த்துப் பால்க் கொட்டகையை விட்டு வந்து, வாலை ஆட்டிக்கொண்டு திரையின் குறுக்கே நடந்தது.

“அசையுது சார்,” என்றார் கணவர்.

ஆம் சார் அசையும் சொத்தில் டிக் அடித்தார்.

அவ்வளவில் எழுந்து போயிருக்க வேண்டியவர். ஆனால் அக்காவுக்கு நேரம் ஆறேகால் ஆகிவிட்டது, அவர் பாட்டுக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டார். ஆம் சார் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வரிசை முடிந்தது. இன்னொரு வரிசை. நாளைக்கு வந்து பார்த்தாலும் ஊற்றியது ஊற்றியபடியே இருக்குமா என்று கேட்டார். காயும், மறுபடி ஊற்ற வேண்டும், ஆனால் இன்றைக்கு ஊற்றியதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது என்றார் அக்கா. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த ரிமோட்டைக் கொஞ்சம் கொடுங்கள் என்று கையை நீட்டினார்.

எட்டு கட்டத்துக்கு ஊற்றினார். ஒன்பதாவதில் அவர் தோள் இறங்கியது. கணவர் அக்காவைப் பார்த்தார். இருவருக்கும் அந்தத் தோள் தெரியும். ஆம் சார் உற்சாகமாகப் பண்ணையைச் சுற்றினார், வேலியைத் தாண்டினார், பால்க்கின் பக்கத்தில் போய் நின்றார். திரையில் ஒரு பெட்டி வந்தது. அதில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி, கீழே ஆம், இல்லை. அக்கா ‘சார்’ என்று வாயைத் திறப்பதற்குள், முப்பத்தொரு வருஷப் பழக்கம் வேலை செய்துவிட்டது. ஆம். இன்னொரு பெட்டி வந்தது. உறுதிதானா என்றது. ஆம். மூன்றாவது பெட்டி, சேவ் பண்ணவா என்றது. ஆம்.

ஒரு வண்டி வந்தது. பால்க் அதில் ஏறியது. பத்து இதயமும் தலைக்கு மேல் துள்ளத் துள்ள வண்டி வலது பக்கமாகப் போய் மறைந்தது. சந்தோஷமான ஒரு இசை வாசித்தார்கள்.

கணவர் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய், வண்டி மறைந்த ஓரத்தை எட்டிப் பார்த்தார். ஏதோ தவறு நடந்துவிட்டது என்று ஆம் சாருக்கு அதைப் பார்த்துத்தான் புரிந்தது.

“மாடு எங்க போகுதும்மா?”

“வித்துட்டீங்க சார்.”

“திரும்ப வாங்கிக்கலாம்ல?”

“மாடு வாங்கலாம். பால்க்கை வாங்க முடியாது.”

அக்காவின் கை புடவை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது. கத்தியிருக்கலாம். கத்தினால் ஆய்வாளர் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விடுவார், வெள்ளிக்கிழமைக்கு அறிக்கை வராது. கத்தாமல் விட்டால் மகளிடம் என்ன சொல்வது? அக்கா டிவியை அணைத்தார். நாற்காலியை ஆய்வாளரின் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சார், முதல்ல அறிக்கையை எழுதிடுங்க. மாட்டைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

ஆம் சார் எழுதினார். குற்ற உணர்ச்சியில் கையெழுத்துகூட அழகாக வந்தது. விவசாய நிலம் இல்லை. அலுவலர் சாப்பாட்டு அறையில் சொன்னவை... இங்கே நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். ‘ஒரு விளையாட்டைப் பற்றிச் சொன்னவை, அவை அனைத்தும் உண்மை’ என்று அக்கா சொல்லச் சொல்ல எழுதினார். எழுதி முடித்ததும் வழக்கம்போல் கையெழுத்துக்குப் பேனா போனது. அக்கா தாளின் மேல் கையை வைத்தார்.

“படிச்சுட்டுப் போடுங்க சார்.”

ஆம் சார் படித்தார். விரலை வைத்து, உதட்டை அசைத்து, வரி வரியாகப் படித்தார். பாதியில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். முத்திரை குத்தினார்.

பிறகு அக்கா உள்ளே போய்ப் பழைய புகார்ப் புத்தகத்தில் மிச்சமிருந்த ஒரு தாளோடு வந்தார். மளமளவென்று எழுதி அவர் முன்னால் வைத்தார். ‘வெள்ளை மாடு ஒன்று. பத்து இதயம். ஆய்வாளர் விளையாட்டாக விற்றுவிட்டார். திருப்பித் தர வேண்டியது.’

ஆம் சார் இதையும் படித்தார். ஒருமுறை இல்லை, இரண்டு முறை. பேனாவை எடுக்கவில்லை.

“மேடம், ஒரு திருத்தம்,” என்றார். “நான் விளையாட்டா விக்கலை. விளையாட்டுல வித்துட்டேன்.”

அக்கா அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். வேண்டுமென்றேதான் அப்படி எழுதினாரா, ஆத்திரத்தில் கை தவறியதா என்று கேட்டால் இன்றைக்கும் பதில் வருவதில்லை. அந்த வார்த்தையை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியாக எழுதிக் கொடுத்தார். ஆம் சார் கையெழுத்துப் போட்டார், கேட்காமலே முத்திரையும் குத்தினார்.

வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். அக்காவின் பெயர் முதலில் இருந்தது. தலைமையிடத்து முத்திரையோடு வந்த அறிக்கையை நிர்வாக அதிகாரி மறுக்க முடியவில்லை. ‘அவை அனைத்தும் உண்மை’ என்ற இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, பிறகு யோசித்து அதையும் அழித்துவிட்டார். மாதம் பிறந்ததும் அக்கா கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் வேலையாக ஆடும் காலுக்கு அடியில் மொட்டைக் கடுதாசியின் நகலை நாலாக மடித்து வைத்தார். இரண்டாவது வேலையாக மேட்டுத் தெருவின் தாள்களைத் தேடி எடுத்தார். ஒரு கட்டு இருந்தது. எல்லாவற்றின் மேலும் ‘அனுப்பு’ என்று எழுதினார், ஒரு வண்டிக்கு அத்தனை தேவையில்லை என்றாலும்.

அடுத்த புதன்கிழமை இரண்டாம் தொலைபேசி அடித்தது. இப்போது அங்கே எக்ஸ்டென்ஷன் அண்ணன் உட்கார்கிறார். அக்காவைக் கேட்கிறார்கள் என்று ஹெட்போனைக் கழற்றி நீட்டினார்.

“அக்கா, நல்லா இருக்கீங்களா? எழுதறதுக்கு ஒண்ணும் இல்லை. கை பழகிப் போச்சு, போன் பண்ணிட்டேன்.”

அன்றைக்கு அக்காவுக்குச் சோறு இறங்கியது. அது மட்டும் போதாது என்று எக்ஸ்டென்ஷன் அண்ணன் நினைத்திருக்க வேண்டும். இப்போது தரைத்தளத்தில் ஒரு புதுச் செய்தி கிளம்பியிருக்கிறது: ஆய்வாளருக்கு ஒரு மாட்டைக் கொடுத்துத்தான் அக்கா அந்த நாற்காலியை வாங்கினாராம். மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் அது ஒரு மந்தையாகிவிடும். விசாரித்துப் பார்த்தால், மாடு போனதும் உண்மை, நாற்காலி வந்ததும் உண்மை. நடுவில் இருக்கிற ‘கொடுத்து’ மட்டும்தான் தப்பு.

மகளிடம் அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை, நடந்ததை ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னார். மகள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, அந்த சார் திருப்பித் தருவாரா மாட்டாரா என்று மட்டும் கேட்டாள்.

ஆம் சார் சனிக்கிழமைகளில் ஆறேகாலுக்கு வருகிறார். பூட்ஸ் இல்லாமல், ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு. பண்ணையில் ஒரு வெள்ளைக் கன்று வாங்கியிருக்கிறார்கள். அதைப் பிரஷ்ஷால் தேய்ப்பது அவர் வேலை. திரையில் எந்தப் பெட்டி வந்தாலும் விரலை வைத்துப் படிக்கிறார். கிணறு வேண்டுமா என்று கேட்டால்கூட வீட்டில் எல்லோரையும் கலந்துகொண்டுதான் பதில் சொல்கிறார். தலைமையிடத்தில் அவர் மேஜையில் கோப்புகள் சேர ஆரம்பித்துவிட்டதாகவும், இப்போது அவரை ‘இருங்க சார்’ என்று கூப்பிடுவதாகவும் தகவல். போன இரண்டு சனிக்கிழமை அவர் வரவில்லை. படிக்க நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்.

முத்திரை குத்திய தாள் ஃபிரிட்ஜின் மேல் காந்தத்தில் நிற்கிறது. கன்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. கணக்குத் தீரட்டும் என்கிறாள் மகள். அதன் தலைக்கு மேல் ஐந்து இதயம் சேர்ந்திருக்கிறது. ஐந்து பாக்கி.